5597ன்னா எந்த வருஷம்? ஜாக்சன் முதல் ஆளா?

கேள்வி: பழைய அச்சகங்கள் பத்தி எழுதிட்டு இருக்கேன். நியூயார்க்ல எஸ்.எச். ஜாக்சன் போட்ட ஹகாதாவுக்கு (யூதர்கள் பாஸ்கா பண்டிகை ராத்திரி வாசிக்கிற புத்தகம்) ஒரு கேட்டலாக்ல 5597னு போட்டிருக்கு, அது எந்த வருஷம்? அமெரிக்காவுல ஹீப்ரு அச்சடிச்ச முதல் ஆள்னு அவரை எழுதலாமா?

பதில்: அது யூத வருஷக் கணக்கு, 3760ஐ கழிங்க, 1837. ஆனா யூத வருஷப் பிறப்பு செப்டம்பர், அக்டோபர் வாக்குல வர்றதால வருஷத்தோட முதல் சில மாசத்துல வந்த புத்தகம்னா 3761ஐ கழிக்கணும். சில புத்தகத்துல நம்பரே இருக்காது, நம்பருக்குப் பதிலா ஹீப்ரு எழுத்துதான் இருக்கும்: தவ் 400, கோஃப் 100, ட்சாடி 90, ஸாயின் 7, கூட்டினா 597, அந்த ஐயாயிரத்தை நாமளா சேர்த்துக்கணும்.

முதல் ஆள்னு மட்டும் எழுதிடாதீங்க. 1735லயே பாஸ்டன்ல ஜூடா மோனிஸோட ஹீப்ரு இலக்கணம் வந்தாச்சு, 1814ல ஃபிலடெல்ஃபியாவுல தாமஸ் டாப்சன் ஹீப்ரு பைபிளே போட்டுட்டார். ஜாக்சனோட பெருமை வேற இடத்துல இருக்கு, அமெரிக்காவோட முதல் யூதப் பத்திரிகை அவரோடது, பேரே 'தி ஜூ', 1823 மார்ச்ல ஆரம்பிச்சு 1825 வரை மாசாமாசம் வந்துச்சு. யூதர்களை கிறிஸ்தவத்துக்கு மதம் மாத்த 1820ல ஒரு சங்கம் கிளம்பி 'இஸ்ரேல்ஸ் அட்வகேட்'னு பத்திரிகையும் நடத்துச்சு, அதுக்கு பதிலடி கொடுக்கத்தான் இவரோட பத்திரிகையே. இதுல வேடிக்கை என்னன்னா, இங்கிலாந்துலேருந்து வந்து பென்சில்வேனியாவுல குடியேறின இந்த மனுஷன் கல்யாணம் பண்ணது ஒரு பிரஸ்பிட்டீரியன் (கிறிஸ்தவ சபைகள்ல ஒண்ணு) பாதிரியார் பொண்ணை! அந்தப் பக்கத்து வாதமெல்லாம் மாமனார் வீட்டுலயே கேட்டிருப்பார்னு எனக்கு ஒரு நினைப்பு.

1826ல ஹீப்ருவும் இங்கிலீஷும் சேர்ந்த தினசரி ஜெப புத்தகம் போட்டார், அமெரிக்காவுல அந்த மாதிரி அதுதான் முதல். ஹீப்ருல உயிர் ஒலிக்கு பெரும்பாலும் எழுத்துக்கு அடியில புள்ளியும் கோடும் போடணும், நம்ம மெய்யெழுத்துப் புள்ளி உயிரை எடுக்கும், அவங்க புள்ளி உயிரைக் கொடுக்கும், அதை ஈய எழுத்துல ஒவ்வொண்ணா கோக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. மொழிபெயர்ப்பு ஜாக்சன், ஹீப்ருவை சரிபார்த்தது எலியாசர் லாசரஸ்.

1837 ஹகாதா அமெரிக்காவுல அச்சான முதல் ஹகாதா, இதை தாராளமா எழுதலாம். ஆனா அதுல உள்ள இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு லண்டன்ல இருந்த டேவிட் லீவையோடது, ஜாக்சன் கணக்குல சேர்த்துடாதீங்க. ஹீப்ரு புத்தகம் வலது பக்கத்துலேருந்து திறக்கும், அதனால ஸ்கேன் காப்பில டைட்டில் பேஜ் காணோம்னா கடைசிப் பக்கத்துக்குப் போய் பாருங்க.