"ஹேங் ஆயிடுச்சு" என்று கஸ்டமரிடம் சொல்லலாமா?

கேள்வி: களியக்காவிளையில் ஒரு மொபைல் கடையில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு இன்டர்வியூ. வெளிநாட்டு ஸ்ட்ரீமிங் ஆப் ஒன்றுக்கு வருகிற போன், சாட் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வேலை. படமும் சீரீஸும் நிறையப் பார்க்கிறவள்தான். தமிழும் மலையாளமும் தடங்கல் இல்லாமல் வரும். ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால்தான் சிக்கல். நான் என்னென்ன வார்த்தைகள் படிக்க வேண்டும்? ஒரு லிஸ்ட் தர முடியுமா?
— வாசகி, களியக்காவிளை

பதில்: லிஸ்ட் தரப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலைக்கு வேண்டிய வார்த்தைகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கின்றன. மொபைல் கடையில் தினமும் சொல்கிறவைதான். ஆனால் அவற்றை நாம் ஒரு பொருளில் சொல்கிறோம், போனின் மறுமுனையில் இருப்பவர் வேறு பொருளில் கேட்கிறார். மார்த்தாண்டம், குழித்துறை, பாறசாலை பக்கமிருந்து இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பல வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறேன். வார்த்தை தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் குறைவு. தெரியவில்லை என்றால் கேட்டுவிடுவார்கள். தெரிந்த வார்த்தை என்று தைரியமாகப் போட்டுவிட்டு மாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஓடிடி என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஓவர் தி டாப்' என்பதன் சுருக்கம் அது. கேபிள்காரர், டிஷ் என்று யாரையும் நம்பாமல், அவர்கள் தலைக்கு மேலே இன்டர்நெட் வழியாக வருகிற சேவை என்று தொழில்காரர்கள் வைத்த பெயர். நம் ஊரில் டீக்கடையில்கூட "படம் ஓடிடில வந்தாச்சா?" என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு சாதாரண ஆள் பேச்சில் ஓடிடி என்றால் 'அளவுக்கு மீறியது' என்று அர்த்தம். எங்கள் பயிற்சியில் போட்டுக் காட்டுகிற ஒரு பதிவு உண்டு. மாதக் கட்டணம் ஏறிய எரிச்சலில் ஒரு பெரியவர், "தி ப்ரைஸ் இஸ் எ பிட் ஓடிடி" என்கிறார். விலை கொஞ்சம் ஓவர் என்பது அவர் குறை. நம் பையன் பணிவாக, "யெஸ் சார், வீ ஆர் ஓடிடி ஒன்லி" என்கிறான். இரண்டு நொடி மௌனம். அப்புறம் அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார், பையன் பிழைத்தான். நீங்கள் 'ஸ்ட்ரீமிங் சர்வீஸ்' என்றே சொல்லுங்கள். எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

அடுத்தது 'ஹேங்'. போன் ஹேங், டிவி ஹேங், சிஸ்டம் ஹேங் என்று நமக்கு எல்லாமே ஹேங்தான். கம்ப்யூட்டர்காரர்கள் அந்த வார்த்தையைச் சொல்வதுண்டு, ஆனால் வீட்டில் படம் பார்க்கிறவர் பெரும்பாலும் 'ஃப்ரீஸ்' என்பார். "இட் கீப்ஸ் ஃப்ரீஸிங்" என்றால் படம் நின்று நின்று போகிறது. 'லாக்' (lag) இதைவிட மோசமான கண்ணி. செகண்ட் ஹாஃப் லாக் என்று நாம் விமர்சனம் எழுதுவோம், எல்லை தாண்டிக் கேரளத்திலும் அப்படியே சொல்வார்கள். கஸ்டமர் "இட்ஸ் லாகிங்" என்றால் கதையைக் குறை சொல்லவில்லை. ரிமோட்டை அழுத்தினால் தாமதமாக வேலை செய்கிறது, அல்லது காட்சி பின்தங்கி வருகிறது என்கிறார். கதை இழுக்கிறது என்று நீங்கள் சொல்ல விரும்பினால் "இட் டிராக்ஸ்" (drags) என்றோ "இட்ஸ் ஸ்லோ" என்றோ சொல்லுங்கள். இன்னொன்று, இடைவேளை என்ற வழக்கமே இல்லாத ஊர்க்காரரிடம் 'செகண்ட் ஹாஃப்' என்றால் ஃபுட்பால் மேட்ச்தான் முதலில் ஞாபகம் வரும்.

'பஃபரிங்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் வேலையில் பாதி அதுதான். மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டுத் தண்ணீர் ஏற்றினாலும் கீழே குழாயில் சீராக வருகிறதே, நடுவில் தொட்டி இருப்பதால்தான். ஆப் செய்வதும் அதுவே. அடுத்த சில நொடிக் காட்சியை முன்கூட்டியே இழுத்துச் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்புக்குத்தான் பஃபர் என்று பெயர். ரயில் பெட்டியின் முனையில் இடியைத் தாங்குகிற வட்டத் தட்டுக்கும் அதே பெயர்தான். தொட்டி காலியானால் குழாய் நிற்கும், திரையில் வட்டம் சுற்றும். அப்படியானால் சுற்றுகிற வட்டம் என்பது தொட்டி நிரம்பக் காத்திருக்கும் நேரம்.

படம் நிற்காமல் ஓடி, ஆனால் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது பஃபரிங் இல்லை, 'பிக்ஸலேட்டட்'. நெட் வேகம் குறைந்ததும் ஆப் தானாகவே தரத்தை இறக்கிக்கொள்வதால் அப்படி ஆகும். மங்கலாக மட்டும் இருந்தால் 'ப்ளரி'. நெட்ஃப்ளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குச் சொல்லும் நெட் வேகக் கணக்கு ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்), 4கே-க்கு 15 எம்பிபிஎஸ். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்திருங்கள். ஆப்புக்கு ஆப் எண் மாறும், ஆனால் பேச்சு இந்த மாதிரி எண்களில்தான் நடக்கும்.

ஆகவே கஸ்டமர் "நாட் வொர்க்கிங்" என்றதும் "சாரி சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். "வாட் டு யூ சீ ஆன் தி ஸ்க்ரீன் ரைட் நவ்?" என்று கேளுங்கள். வட்டம் சுற்றுகிறதா, கட்டமா, கறுப்புத் திரையா, எண் ஏதாவது தெரிகிறதா என்று அவரே சொல்லிவிடுவார். அவர் சொன்ன வார்த்தையையே நீங்களும் திருப்பிச் சொன்னால் போதும், பாதிக் கோபம் அடங்கிவிடும்.

இன்டர்வியூவில் உங்களைக் காட்டிக்கொடுக்கப் போவது ஒரு சின்னச் சொல். 'நெட்ஃப்ளிக்ஸ்ல பார்த்தேன்.' தமிழில் அந்த 'இல்' எல்லா இடத்துக்கும் பொது, மலையாளத்திலும் அதே 'இல்'தான். இரண்டு மொழி தெரிந்த உங்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் 'இன் நெட்ஃப்ளிக்ஸ்' என்றுதான் வாயில் வரும். ஆங்கிலத்தில் ஆப், திரை, கருவி எல்லாவற்றுக்கும் 'ஆன்'. மொழிக்கும் எபிசோடுக்கும் 'இன்'. விதியைப் படித்துக் குழம்ப வேண்டாம், இந்த ஒரு வாக்கியத்தைப் பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பாருங்கள்: "ஐ வாட்ச்ட் இட் ஆன் நெட்ஃப்ளிக்ஸ், ஆன் மை ஃபோன், இன் மலையாளம், வித் இங்கிலிஷ் சப்டைட்டில்ஸ்." வீட்டில் பார்த்ததற்கு 'வாட்ச்ட்' என்பதே இயல்பு, தியேட்டரில் பார்த்ததற்கு 'ஸா' என்றும் சொல்லலாம். 'படம் போட்டுட்டான்' என்பதை 'தே புட் தி மூவி' என்று மாற்றிவிடாதீர்கள். "இட்ஸ் அவுட் ஆன் நெட்ஃப்ளிக்ஸ்" அல்லது "இட்ஸ் ஸ்ட்ரீமிங் நவ்."

சீரியல் என்றால் அவர்களுக்குக் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் பண்டம் காதில் விழ வாய்ப்பு உண்டு, உச்சரிப்பு ஒன்றே. நம் மாலை நேரச் சீரியலுக்கு 'சோப்' என்று சொல்வார்கள். 'சீரீஸ்' ஒருமைக்கும் பன்மைக்கும் அதே வடிவம்தான், 'ஒன் சீரி' என்று ஒன்று கிடையாது. அமெரிக்கர் 'சீசன் டூ' என்பதைப் பிரிட்டிஷ்காரர் 'சீரீஸ் டூ' என்பார். இரண்டுமே சரி, குழப்பம் உங்களுக்குத்தான் வரும். வயதான அமெரிக்கர் ஒருவர் "மை கியூ இஸ் கான்" என்று பதறினால் கேரள அரசு மதுக்கடையான பெவ்கோவின் வரிசையை நினைக்காதீர்கள். பார்ப்பதற்காகச் சேர்த்து வைத்த பட்டியலைக் காணோம் என்கிறார். 2007-இல் ஸ்ட்ரீமிங் தொடங்குவதற்கு முன் நெட்ஃப்ளிக்ஸ் தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பிய கம்பெனி. அந்தக் காலத்துச் சொல் சிலர் வாயில் இன்னும் இருக்கிறது. இப்போது பொதுவாக 'வாட்ச்லிஸ்ட்'. நாமும் 'செட்டப் பாக்ஸ்' என்று ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறோமே, அது 'செட் டாப் பாக்ஸ்'. டிவி செட்டின் தலையில் வைத்த பெட்டி.

காசு விஷயத்துக்கு வருவோம். பேக், ரீசார்ஜ் இரண்டையும் கடையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 'பிளான்', 'ரினியூ' போதும். வார்த்தையைவிடப் பழக்கம்தான் இங்கே வேறு. நமக்குக் காசு தீர்ந்தால் சேவை நிற்கும். அங்கே நிறுத்தச் சொல்லும் வரை மாதா மாதம் கார்டில் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், அது 'ஆட்டோ ரினியூவல்'. அதனால் "என் ரீசார்ஜ் முடிந்துவிட்டதா?" என்ற கேள்வி உங்களுக்கு வராது. "வொய் ஹேவ் ஐ பீன் சார்ஜ்ட்?" என்பதுதான் வரும். 'ஃப்ரீ ட்ரையல்' முடிந்ததைக் கவனிக்காதவர்களாக இருப்பார்கள். கனெக்ஷனைக் 'கட்' பண்ண வேண்டாம், 'கேன்சல்' பண்ணுங்கள்.

படத்துக்குப் படம் காசு கட்டுவது 'பே பர் வ்யூ'. இதற்கு உதாரணம் இன்டர்வியூ நடக்கிற ஊரிலேயே இருக்கிறது. கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ் என்ற ஸ்ட்ரீமிங் சர்வீஸ். மாதச் சந்தா கிடையாது, தொடங்கியபோது ஒரு முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய் என்று வைத்தார்கள். திருவனந்தபுரத்து பேனலிடம் இதைச் சொன்னால் நன்றாகவே எடுபடும். 'ரென்ட்' என்றால் கெடு உண்டு. யூடியூபில் வாடகைக்கு எடுத்தால் பெரும்பாலும் 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கிய பிறகு 48 மணி நேரம். பாதி பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வருகிறவர் உங்களைத்தான் திட்டுவார்.

டவுன்லோடு விஷயத்தில் உங்கள் அனுபவமே எதிரி. மெமரி கார்டில் படம் ஏற்றிக் கொடுத்த கடைப் பழக்கத்தில், டவுன்லோடு என்றால் நமக்குச் சொந்தமான ஃபைல். ஆப்பில் செய்கிற டவுன்லோடு அந்த ஆப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும், கெடு முடிந்தால் திறக்காது. "இட் ஹேஸ் எக்ஸ்பயர்ட்" என்று சொல்லுங்கள். 'டெலீட் ஆயிடுச்சு' என்று பயமுறுத்தாதீர்கள்.

உதடும் குரலும் பொருந்தவில்லை என்ற புகாரில் கவனம் வேண்டும். மூல மொழியிலேயே பொருந்தவில்லை என்றால் 'அவுட் ஆஃப் சிங்க்', அது கோளாறு. டப் செய்த படத்தில் உதடு வேறு மாதிரி அசைவது சகஜம், அதை நீங்கள் சரிசெய்ய முடியாது. "ஆர் யூ வாட்சிங் இட் டப்ட்?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். டிவி பார்த்து வளர்ந்த நமக்கு டப்பிங் சாதாரணமாகத் தெரியும், அங்கே பலருக்கு அது புதுசு. சப்டைட்டிலில் வசனம் மட்டும் வரும். கதவு தட்டும் சத்தம், இடிச் சத்தம் எல்லாம் எழுத்தில் வந்தால் அது 'கேப்ஷன்', காது கேளாதவர்களுக்கானது.

கடைசியாக, "சமீபத்தில் என்ன பார்த்தீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். நல்ல படம் என்று சொல்ல நம் பக்கத்தில் 'கொள்ளாம்' என்போம். 'குட்' என்று சொன்னால் அந்தச் சொல்லின் அளவு வராது. 'டீசன்ட்', 'வொர்த் எ வாட்ச்' இரண்டும் கிட்டத்தட்ட அதேதான். 'கிடு', அதாவது பிரமாதம் என்றால் 'பிரில்லியன்ட்'. ஒரே மூச்சில் பார்த்துத் தீர்த்ததைச் சொல்ல 'பிஞ்ச்ட்'. பிஞ்ச் வாட்ச் என்பதைக் காலின்ஸ் அகராதி 2015-இல் அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. பிஞ்ச் என்பது முதலில் மூக்குமுட்டக் குடிப்பதற்கு இருந்த சொல். "ஐ பிஞ்ச்ட் தி ஹோல் சீசன் இன் எ வீக்கெண்ட். இட் டிராக்ஸ் எ பிட் இன் தி மிடில், பட் தி காஸ்ட் இஸ் கிரேட், அண்ட் ஐ வோன்ட் ஸ்பாயில் தி எண்டிங்." இந்த அளவு போதும், மக்களே. மூன்றாவது வாக்கியத்தை அவர்களாகவே கேட்பார்கள்.