பேட்ஜ் ஒட்டினால் பந்தயக் கார் ஆகிவிடுமா? – வாசகர் கேள்வி-பதில்

வழக்கமாக இந்தப் பகுதிக்கு மிக்ஸி, இன்வெர்ட்டர், வீட்டுமனை என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை வந்ததில் பெரும்பாதி சொகுசு கார். நெல்லைச் சீமையில் பென்ஸும் பிஎம்டபிள்யூவும் கல்யாண மண்டப வாசலில் மட்டும் பார்க்கிற வண்டியாக இருந்த காலம் போய்விட்டது போல. சரி, கேள்விக்குப் போவோம்.

அண்ணாச்சி, பையன் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் 'எம் ஸ்போர்ட்'தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எம் என்றால் ரேஸ் வண்டியாம். விற்கிறவரும் ஆமாம் என்று தலையாட்டுகிறார். நிஜமா? – வள்ளியூரிலிருந்து ஒரு தகப்பனார்

கால்வாசி நிஜம். எம் என்ற எழுத்து பிஎம்டபிள்யூவின் பந்தயப் பிரிவுக்கு உரியது. 1972இல் தொடங்கினார்கள். எம்3, எம்5 எல்லாம் அந்தப் பிரிவு செய்தவை. இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன், டிஃபரென்ஷியல் வரை சாதாரண வண்டியிலிருந்து வேறுபடும். 'எம் ஸ்போர்ட்' என்பது சாதாரண 3 சீரிஸுக்குச் செய்கிற அலங்காரம். பம்பர் மாறும், ஸ்டீயரிங் தடிக்கும், சக்கரம் பெரிதாகும், பக்கவாட்டில் ஒரு பேட்ஜ் ஏறும். பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது அதே இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின்.

இது பிஎம்டபிள்யூ மட்டும் செய்கிற வேலை இல்லை. பென்ஸில் 'ஏஎம்ஜி லைன்', ஆடியில் 'எஸ் லைன்' என்று ஆளுக்கொரு பெயர் உண்டு. ஏஎம்ஜி என்பது 1967இல் பென்ஸை விட்டு வெளியே வந்த இரண்டு இன்ஜினீயர்கள் தனியாகத் தொடங்கிய பட்டறை. பிற்பாடு பென்ஸே அதை வாங்கிக்கொண்டது. அதன் பெரிய இன்ஜின்களை இன்றைக்கும் ஒரே ஆள் முழுதாகப் பூட்டி, தன் கையெழுத்துள்ள தகட்டை மேலே பதிக்கிறார். அதனால் ஏஎம்ஜி என்று யாராவது பெருமை அடித்தால் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? உண்மையான எம்3 வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் எம்3 பந்தயத்தில் வாங்கிய பெயரை நம்பிச் சாதாரண 3 சீரிஸ் வாங்குகிறவர்கள் ஏராளம். பெயரை உண்டாக்குவது ஒரு வண்டி, காசு கொண்டுவருவது இன்னொரு வண்டி. இதில் ஏமாற்று என்று சொல்ல ஒன்றுமில்லை, அலங்காரத்துக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

பையனுக்கு நிஜமாகவே வேகம்தான் ஆசை என்றால் நடுவில் எம்340ஐ என்று ஒன்று இருக்கிறது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். முழு எம் கிடையாது, ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வித்தியாசம் தெரியும். செங்கல்பட்டு பக்கத்தில் உள்ள அவர்களுடைய ஆலையிலேயே பூட்டுகிறார்கள்.

என் கவலை வேறு. ஜெர்மன் கம்பெனிகள் 1980களின் கடைசியில் தங்களுக்குள் பேசி, மணிக்கு 250 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வது என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டார்கள். அந்த 250க்குத் தக்கபடிதான் டயரும் சஸ்பென்ஷனும். இந்தியாவில் எந்தச் சாலையிலும் சட்டப்படி 120க்கு மேல் கிடையாது. நான்கு வழிச் சாலையை விட்டு திசையன்விளைக்குத் திரும்பினால் ஊருக்கு ஊர் வேகத்தடை, பாதிக்கு வெள்ளைக் கோடுகூட இருக்காது. தாழ்ந்த வண்டி, பக்கவாட்டு உயரம் குறைந்த டயர், பெரிய சக்கரம் மூன்றும் சேர்ந்தால் முதல் மழையிலேயே ரிம் வளையும். பல பிஎம்டபிள்யூக்களில் ரன்ஃபிளாட் டயர், அதாவது காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர் என்பதால் ஸ்டெப்னியும் கிடையாது. டயர் பக்கவாட்டில் கிழிந்தால் வள்ளியூரில் அந்த அளவு கையிருப்பில் இருக்குமா என்று ஒரு டயர் கடையில் இப்போதே கேட்டுப் பாருங்கள். அதே மாடலில் ஒரு அங்குலம் சின்ன சக்கரம் கிடைத்தால் அதைக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் பையன் பக்கம் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் காற்று அடிக்கும்போது, உயரமான எஸ்யூவி ஆடுகிற ஆட்டம் உங்களுக்கே தெரியும். அங்கே தாழ்ந்த செடான் தரையைப் பிடித்துக்கொண்டு போகும். நல்ல பிரேக்கின் அருமையும் அங்கேதான் தெரியும். வாங்கிக் கொடுங்கள், கூடவே இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ நடக்கிற ஓட்டுநர் பயிற்சி ஒன்றுக்கும் பணம் கட்டிவிடுங்கள்.

சார், நான் பெரும்பாலும் பின் சீட்டில்தான். டிரைவர் ஓட்டுவார். மாதத்தில் சில முறை திருவனந்தபுரம் விமான நிலையம் போகவேண்டியிருக்கும். பென்ஸ் இ கிளாஸா, பிஎம்டபிள்யூ 5 சீரிஸா? – மருத்துவர், பாளையங்கோட்டை

ஜெர்மனியில் இந்த இரண்டு கம்பெனிகளும் இன்ஜினில் மோதுகின்றன. சீனாவிலும் இங்கேயும் மோதல் கால் நீட்டுகிற இடத்தில். 2017இல் பென்ஸ் இ கிளாஸை நீளமாக்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, பின் சீட்டு முதலாளிகள் மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பிஎம்டபிள்யூ முதலில் 3 சீரிஸை நீட்டிப் பார்த்தது. பிறகு 2024 ஜூலையில் 5 சீரிஸையே நீளமாக்கி இறக்கியது. ஆகவே இன்றைக்கு இரண்டிலும் கால் நன்றாக நீளும். பின்னால் உட்கார்ந்து போக இ கிளாஸ் ஒரு படி மேல், ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஓட்டுவீர்கள் என்றால் 5 சீரிஸ். இது என் ருசி, உங்கள் இடுப்பு வேறு சொல்லலாம். டெஸ்ட் டிரைவ் என்றால் எல்லோரும் முன் சீட்டில் ஏறுகிறார்கள். நீங்கள் பின்னால் ஏறி, ஈரடுக்குப் பாலத்திலிருந்து டவுன் வரை ஒரு சாயங்கால நெரிசலில் போய்ப் பாருங்கள்.

விலை பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. 2024 முழுவதும் பென்ஸ் இந்தியாவில் விற்றது 19,565 கார். பிஎம்டபிள்யூ, மினியையும் சேர்த்து 15,721. ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் கார் விற்கும் நாட்டில் இது சின்னச் சந்தை. அதே சில ஆயிரம் வாடிக்கையாளர்களை இரண்டு பேரும் மாறி மாறித் துரத்துகிறார்கள். ஒருவர் கொடுத்த கொட்டேஷனை இன்னொருவர் மேஜையில் வையுங்கள். டிசம்பரில் பேசினால் இன்னும் இறங்கும், ஆனால் வண்டி தயாரான மாதம், வருடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இன்சூரன்ஸ் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. விலையோடு சேர்த்து முன்கூட்டியே பிடிக்கும் ஒரு சதவீத வரியை (டிசிஎஸ்) வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், உங்கள் ஆடிட்டரிடம் ரசீதைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

எந்த வசதி நிரந்தரம், எது சில வருடத்தில் சந்தா கேட்கும் என்றும் எழுதி வாங்குங்கள். 2022இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா வைத்தது, திட்டு வாங்கி அடுத்த வருடமே கைவிட்டது. நம்மூரில் சீட்டைச் சூடாக்கச் சித்திரை வெயிலே போதும், அதுவும் இலவசம். உங்களுக்கு வேண்டியது காற்று வரும் சீட்.

அண்ணே, புரோக்கர் ஒருத்தர் 14 லட்சத்துக்கு ஏழு வருஷ பிஎம்டபிள்யூ டீசல் தருகிறேன் என்கிறார். புதுச்சேரி பதிவு. 'ஷோரூம் கண்டிஷன்' என்று சத்தியம் செய்கிறார். புது கிரெட்டா விலைக்கு பிஎம்டபிள்யூ வருகிறதே, எடுக்கலாமா? – மேலப்பாளையம்

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் தண்ணீர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் நம் தாமிரபரணி கரை புரண்டு, ஜங்ஷனும் ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தத்தளித்தன. அப்போது முங்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று கணக்கு முடித்து ஏலம் விட்டவற்றைக் காய வைத்து, பாலிஷ் போட்டு, வேறு ஊருக்கு ஓட்டி விற்பவர்கள் உண்டு. ஜெர்மன் வண்டியில் இது இரட்டை ஆபத்து. பேட்டரியும் பல கன்ட்ரோல் யூனிட்டுகளும் டிக்கியின் அடியிலும் கார்பெட்டுக்குக் கீழேயும் இருக்கும். இன்றைக்கு ஓடும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும்.

பார்க்கிற விதம் இதுதான். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவுங்கள். கடைசி ஒரு முழத்தில் பழுப்பாகக் கறை படிந்து, தொட்டால் மொரமொரப்பாக இருந்தால் அந்த உயரம் வரை சேறு வந்திருக்கிறது. அந்தப் பகுதியைத் துவைக்க யாருக்கும் தோன்றாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் டார்ச் அடியுங்கள், வண்டி பளபளக்க போல்ட் மட்டும் துருப்பிடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். டிக்கி மேட்டைத் தூக்கிப் பள்ளத்தில் விரல் விட்டுத் தடவுங்கள். கதவு, கண்ணாடி எல்லாம் மூடி, ஏசி போடாமல் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். முக்கல் வாடை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வாசனைத் திரவம் மூன்று தொங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, சேசிஸ் நம்பரைக் கொண்டுபோய் அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் கடன், இன்சூரன்ஸ், எத்தனையாவது உரிமையாளர் என்று பாருங்கள்.

புதுச்சேரி நம்பர் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதைத் தவிர்க்கத்தான் அங்கே பதிவு. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், வண்டியின் வயதுக்கேற்ற வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையைத் திருநெல்வேலி ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, 14 லட்சத்தோடு கூட்டுங்கள்.

கடைசியாக, வண்டி பாதி விலைக்கு இறங்கினாலும் அதன் உதிரிபாகம் புது வண்டியின் விலையில்தான் இருக்கும். டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் (புகையில் வரும் கரியை வடிக்கும் பாகம்), டர்போ, கியர்பாக்ஸ் எதுவும் வாரன்டியில் வராது. மூன்று லட்சம் ரூபாயைத் தனியாக வங்கியில் போட்டுவிட்டு, அதைத் தொட்டாலும் தூக்கம் கெடாது என்றால் எடுங்கள். இல்லையென்றால் கிரெட்டாவே எடுங்கள். எடுத்தால் இன்சூரன்ஸில் இன்ஜின் புரொடெக்ட் சேருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

லம்போர்கினி உருஸும் ஆடி க்யூ7உம் ஒன்றுதான் என்று ஒருவர் டீக்கடையில் அடித்துச் சொல்கிறார். அப்படியா? – தென்காசி

அடித்தளம் ஒன்று. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கீழ்தான் ஆடி, போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி எல்லாம். எம்எல்பி ஈவோ என்ற ஒரே தளத்தில் ஆடி க்யூ7, போர்ஷே கயான், பென்ட்லி பென்டாய்கா, லம்போர்கினி உருஸ் நான்கும் பிறக்கின்றன. ஒரே மாவில் இட்லியும் தோசையும் பணியாரமும். இன்ஜினும் சஸ்பென்ஷனும் ஓட்டும் குணமும் வேறு, விலை மிகவும் வேறு. வெளியே போட்டியாளர்கள், உள்ளே ஒரே கல்லாப்பெட்டி. க்யூ7 வைத்திருப்பவர் இதைப் பெருமையாகச் சொல்வார், உருஸ் வைத்திருப்பவர் சொல்ல மாட்டார்.

தூத்துக்குடியிலேயே மின்சாரக் கார் ஆலை வந்துவிட்டது. இனி ஜெர்மன் வண்டிகளின் கதை முடிந்ததா? – ஆசிரியை, கேடிசி நகர்

வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்டின் ஆலை 2025 ஆகஸ்ட் 4இல் திறந்தது, ஆண்டுக்கு 50,000 வண்டி என்ற இலக்கோடு. வேகத்தில் மட்டும் பார்த்தால் ஜெர்மன் கதை ஆட்டம் கண்டுவிட்டது, டீச்சர். பிஒய்டி சீல் என்ற சீனக் கார் 3.8 நொடியில் நூறைத் தொடுகிறது. அந்த வேகத்துக்கு முன்பெல்லாம் கோடிக்கணக்கில் கொடுக்க வேண்டும். செல்போன் விற்ற ஷாவ்மி 2024இல் கார் இறக்கி போர்ஷேயின் தூக்கத்தைக் கெடுத்தது. பவர் மலிவாகிவிட்டது, அதனால் பவரை மட்டும் காட்டி இனி விலை சொல்ல முடியாது.

இதைப் பென்ஸ் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. சி63 ஏஎம்ஜியில் எட்டு சிலிண்டரை எடுத்துவிட்டு இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டரோடு மின்மோட்டாரைச் சேர்த்து 680 குதிரைத் திறன் கொடுத்தார்கள். பழைய வண்டியைவிடப் பவர் அதிகம். ரசிகர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் காசு கொடுத்தது எண்ணுக்கு அல்ல, அந்த உறுமலுக்கு.

வாங்குகிறவர் கணக்கில் வரி பெரிய விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், மின்சாரத்துக்கு 5. சாலை வரிச் சலுகை நீங்கள் பதிவு செய்யும் தேதியில் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கம்பெனி வண்டி என்றால் சர்வீஸ் எங்கே, பேட்டரி வாரன்டி எத்தனை வருடம் என்று முதலில் பாருங்கள். ஆலை பக்கத்து ஊரில் இருப்பதால் சர்வீஸும் பக்கத்தில் இருக்கும் என்று அர்த்தமில்லை.

72 லட்சம் கொடுத்த புது வண்டி. நாலு மாதத்தில் மூன்று தடவை கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது. வண்டி கம்பெனி பெயரில் இருப்பதால் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்கிறார்கள். – அம்பாசமுத்திரம்

போடலாம். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக ஒரு நிறுவனம் வாங்கிய சொகுசு காரில் தரையின் நடுவில் இருக்கும் மேடு தாங்க முடியாமல் சூடாகிறது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிறுவனத்தின் பெயரில் இருப்பதாலேயே அது வணிக உபயோகம் ஆகிவிடாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பு. 36 லட்ச ரூபாய் கொடுக்கவும் சொன்னார்கள். உங்கள் வண்டியும் சொந்தப் பயணத்துக்கு ஓடுகிறது என்பதற்கு ஆதாரம் வைத்திருங்கள்.

கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் திருநெல்வேலி மாவட்ட ஆணையம் எடுத்துக்கொள்ளாது. மாநில ஆணையம்தான், அதற்கு மதுரையில் கிளை அமர்வு இருக்கிறது. காலக்கெடு இரண்டு வருடம். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடாதீர்கள். 'கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு எரிகிறது' என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, விளக்கு எரிவதைக் கிலோமீட்டர் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொண்டு, நகல் கையில் வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.