தொட்டி மீனை ஏரியில் விடலாமா? – கேள்வி பதில்

வீட்டில் வண்ண மீன் வளர்ப்பவர்களும், ஏரியில் வலை போடுபவர்களும் கேட்டவை இவை. நான் 20 வருடத்துக்கு மேலாகத் தொட்டி வைத்திருக்கிறேன். கோடையில் தண்ணீர் இறங்கினால் ஏரிக்கரைகளில் அலைந்து என்னென்ன மீன் கிடக்கிறது என்று பார்ப்பது வழக்கம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, சென்னை கொளத்தூரில் விரல் நீளத்தில் வாங்கிய டேங்க் கிளீனர் மீன் இப்போது முக்கால் அடி ஆகிவிட்டது. தொட்டி போதவில்லை. பக்கத்து ஏரியில் விட்டால் நிம்மதியாகப் பிழைத்துக்கொள்ளாதா?

பதில்: பிழைத்துக்கொள்ளும் தம்பி, சிக்கலே அதில்தான். சக்கர் என்றும் சொல்கிறோமே, அந்த மீனுக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோகோ பக்கம். ஒன்றரை அடிக்கும் வளரும். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள். புவேர்ட்டோ ரிக்கோவில் கூழைக்கடாக்கள் இதை விழுங்கப் போய்த் தொண்டையில் சிக்கிச் செத்திருக்கின்றன. நம் ஏரிகளுக்கும் கூழைக்கடா வருகிறது.

போன கோடையில் வற்றிய ஓர் ஏரியின் கரை மண்ணில் வரிசையாகப் பொந்துகளைப் பார்த்தேன். நண்டு வளை என்று நினைத்துக் கையை விட்டால், தோள் வரை போயிற்று, அடி தட்டவில்லை. ஆண் சக்கர் குடைந்த பொந்துகள் அவை. ஒரு மீட்டர், அதற்கு மேலும் குடையும். பெண் உள்ளே போய் நூற்றுக்கணக்கில், பெரிய மீனாக இருந்தால் ஆயிரக்கணக்கில், முட்டையிடும். குஞ்சு பொரிக்கும்வரை ஆண் வாசலில் காவல். இப்படிச் சல்லடையான கரை மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

15 வருடம் முன்பு வீடு மாறியபோது நானே இரண்டு சக்கரை வாளியில் எடுத்துப்போய் ஓர் ஏரியில் விட்டேன். உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு வீடு திரும்பினேன். அந்தப் பொந்துக்குள் கை போன நிமிடத்தில் அந்த வாளிதான் ஞாபகம் வந்தது.

கேள்வி: அப்படியானால் என்னதான் செய்வது? கொல்லவா முடியும்?

பதில்: முதலில் வாங்கிய கடையில் கேளுங்கள். பணம் வேண்டாம், எடுத்துக்கொண்டால் போதும் என்றால் பல கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமும் கொடுக்கலாம். எதுவும் வழியில்லை, அல்லது மீன் நோயில் கிடக்கிறது என்றால் கிராம்பு எண்ணெய் இருக்கிறது. சின்ன பாட்டிலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரோடு குலுக்கிக் கலந்து, மீன் இருக்கும் வாளியில் மெல்ல ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 0.4 மில்லி, அதாவது ஏறக்குறைய 10 சொட்டு. மீன் மயங்கித் தூங்கிவிடும். செவுள் அசைவு நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, அப்புறம் புதையுங்கள். மனசு கனக்கத்தான் செய்யும்.

கேள்வி: சார், நான் ஏரி மீனவன். வலைக்கு நாலு கெண்டை வந்தால் பத்து இந்த முள் மீன் வருகிறது. கரையில் வீசினால் மறுநாள் காணோம்.

பதில்: ஐயா, அது வயிற்றால் காற்றைச் சுவாசிக்கும். ஈரம் இருந்தால் கரையில் பல மணி நேரம் உயிரோடு கிடந்து, நெளிந்து நெளிந்து தண்ணீருக்கே போய்விடும். தண்ணீரை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். துடுப்பு முள்ளில் வலை மாட்டினால் இழுக்காதீர்கள், கிழியும். முள்ளை மடக்கிப் பிடித்துக் கண்ணி கண்ணியாக எடுங்கள், கையில் தடித்த துணி சுற்றிக்கொண்டு. வலை கிழிந்த நஷ்டம் உங்கள் தலையில் விழுகிறது, மீனை விட்டவர் யாரோ. எனக்குத் தாங்க முடியாத விஷயம் இது. மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் ஜிலேபி பிடித்துப் பிழைத்த மீனவர்களின் வலையில் சக்கரே நிறைந்து, தொழிலே சரிந்துபோனது.

கேள்வி: கோயில் தெப்பக்குளத்தில் விட்டால்? ஆற்றோடு தொடர்பில்லையே. புண்ணியமும் கூட.

பதில்: வெள்ளம் வந்தால் எல்லாக் குளத்துக்கும் தொடர்பு வந்துவிடும் அம்மா. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அரபைமா கிடைத்தது. அமேசானின் ராட்சத மீன். அதுவும் யாரோ வளர்த்ததுதான்.

கேள்வி: தொட்டிச் செடியைக் கால்வாயில் போடலாமா?

பதில்: கூடாது. 2020-ல் கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளபாண்டி என்ற ஊரின் நீரோடை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்தது. ஜனம் திரண்டு போய்ப் படம் எடுத்தது. பூத்தது கபோம்பா, தொட்டிச் செடி. தண்டு ஒடிந்த துண்டுகூடத் தழைக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. தங்க மீனை “விடுதலை செய்யணும்” என்று அழுகிறாள். எப்படிச் சொல்வது?

பதில்: அவள் மனசு நல்ல மனசு, அதட்டாதீர்கள். அமெரிக்காவில் பர்ன்ஸ்வில் என்ற ஊர் ஏரியில் 2021-ல் ரக்பி பந்து அளவுக்குத் தங்க மீன்களைப் பிடித்தார்கள். இப்படி விடுதலை ஆனவற்றால் வந்த வினைதான். அடிமண்ணைக் கிளறித் தண்ணீரையே கலக்கிவிடும். அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

அப்புறம் ஒரு காலையில் கண்ணாடி ஜாடியும் தேநீர் வடிகட்டியும் எடுத்துக்கொண்டு அவளை ஏரிக்குக் கூட்டிப் போங்கள். கரையோரம் நீர்மட்டத்தை ஒட்டி, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தது போல ஒரு மீன் நிற்கும். சுண்டுவிரல் நீளம்தான், கொசுப்புழுவை ஒவ்வொன்றாகக் கொத்தும். நம் ஊர் மீன். பிடித்துப் பத்து நிமிடம் ஜாடியில் பார்க்கட்டும். பிறகு பிடித்த இடத்திலேயே அவள் கையால் விடச் சொல்லுங்கள்.