‘ஒண்ணுமில்ல மச்சான்’: வாசகர் கேள்வி – பதில்

நட்பு, கோபம், அழுகை, ‘ஆம்பளத்தனம்’ பற்றி இளைஞர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் மனநல ஆலோசகர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர், ஆறு வருட நட்பு. தினமும் பேசுகிறோம். ஆனால் பேச்சு முழுக்கக் கிண்டல்தான். எனக்கு வேலை போய் இரண்டு மாதமாகிறது. அது மூவருக்கும் தெரியும். ராத்திரி தூங்காமல் புரள்வது மட்டும் யாருக்கும் தெரியாது. எப்படி ஆரம்பிப்பது? (24 வயது வாசகர்)

பதில்: மூவரிடமும் சேர்த்து ஆரம்பிக்காதீர்கள். ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒருவன் மனம் திறந்தால் மற்றவர்கள் அவனைப் பார்ப்பதில்லை. யார் முதலில் சிரிக்கப்போகிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆண்மை என்பதைப் பாடுபட்டுச் சம்பாதிக்க வேண்டிய, ஆனால் சட்டென்று பறிபோய்விடக்கூடிய ஒன்றாகத்தான் மக்கள் நினைக்கிறார்கள் என்று ஜோசப் வாண்டெல்லோ, ஜெனிஃபர் பாசன் என்ற உளவியலாளர்கள் 2008-ல் எழுதினார்கள். பறிபோகிற பொருளை நாலு பேர் நடுவில் யாரும் இறக்கி வைக்க மாட்டார்கள். அதே நண்பன் தனியாகக் கிடைக்கும்போது வேறு ஆளாக இருப்பான்.

மூவரில் யாரைத் தேர்ந்தெடுப்பது? அதிகம் சிரிக்க வைப்பவரை விட்டுவிடுங்கள். முன்பு நீங்கள் சொன்ன ஏதோ ஒரு சின்ன விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருந்தவர், அல்லது தன் கஷ்டத்தை ஒருமுறையாவது உங்களிடம் சொன்னவர்தான் சரியான ஆள்.

எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டாம். சேர்ந்து நடந்து போகும்போது, எதையாவது பழுது பார்க்கும்போது, சாமான் தூக்கி வைக்கும்போது பேசுங்கள். ஆண்களின் நட்பு பக்கத்தில் பக்கத்தில் இருப்பது, பெண்களின் நட்பு முகத்துக்கு முகம் பார்ப்பது என்று உளவியலாளர் பால் ரைட் 1982-ல் பிரித்துக் காட்டினார். கொஞ்சம் மிகையான பிரிவுதான். ஆனாலும் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்றாலே பாதி பயம் போய்விடும். பைக்கில் போகும்போது மட்டும் சொல்லாதீர்கள். பாதி காற்றில் போய், அவர் “என்ன?” என்று கேட்பார். நீங்கள் “ஒண்ணுமில்ல” என்பீர்கள். அத்தோடு முடிந்தது.

சொல்ல வேண்டியதில் மூன்று துண்டுகள் இருக்க வேண்டும்: நடந்தது என்ன, அது உங்களை என்ன செய்கிறது, அவரிடம் உங்களுக்கு என்ன வேண்டும். “டேய், வேலை போனதுல இருந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கமே வரல. வீட்ல யார் முகத்தையும் பாக்க முடியல. நீ வழி எதுவும் சொல்ல வேணாம், ஒரு பத்து நிமிஷம் கேளு, போதும்.” மூன்றாவது துண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் நண்பர் உடனே யாரைப் போய்ப் பார்க்கலாம், எங்கே விண்ணப்பிக்கலாம் என்று ஆரம்பித்துவிடுவார். உங்களை அலட்சியம் செய்கிறார் என்று நினைக்காதீர்கள். உதவி என்றாலே வழி சொல்வது என்றுதான் அவருக்கும் பழக்கம்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் கெட்டுப்போகிறது. ஒன்று, சொல்லும்போதே நாமே சிரித்துவிடுவது. நம் வாய் சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரிப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, முதல் நாளே அடிமனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவது. மறுநாள் காலையில் வெட்கம் பிடுங்கித் தின்னும், ஒரு வாரம் போனை எடுக்க மாட்டீர்கள். அதனால் ஒரே விஷயம், பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கிண்டலடித்தால், “வெளாட்டுக்குச் சொல்லலடா” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஐந்து விநாடி சும்மா இருங்கள். அந்த ஐந்து விநாடியைத் தாங்குவதுதான் இதில் கஷ்டமான வேலை. அதற்குப் பிறகும் கிண்டல் தொடர்ந்தால் பேச்சை மாற்றிவிட்டு, இன்னொரு நாள் இரண்டாவது நண்பரிடம் முயன்று பாருங்கள்.

கேள்வி: “உனக்கு என்னதான் தோணுது, சொல்லு” என்று கேட்டால் எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. ‘ஓகே’, ‘கடுப்பு’ இரண்டுதான் வருகிறது. எனக்கு உணர்ச்சியே இல்லையா? (19 வயது)

பதில்: இருக்கிறது, பெயர் வைத்துத்தான் பழக்கமில்லை. உணர்ச்சியைச் சொல்லில் பிடிக்க முடியாத நிலைக்கு 1970-களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் ‘அலெக்சிதைமியா’ என்று பெயர் வைத்தார். பையன்களை வளர்க்கிற விதமே இதன் மிதமான வடிவத்தைப் பல ஆண்களிடம் உண்டாக்குகிறது என்று உளவியலாளர் ரொனால்ட் லெவன்ட் பின்னர் வாதிட்டார். கீழே விழுந்தபோதெல்லாம் “ஆம்பளப் புள்ள அழலாமா?” என்று கேட்டு வளர்ந்தவனுக்கு வலி, பயம், அவமானம் எல்லாமே கோபத்தின் வாசல் வழியாகத்தான் வெளியே வரும்.

‘கடுப்பு’ என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். “மேனேஜர் மேல செம கடுப்பு” என்கிறீர்கள். எல்லோர் முன்னாலும் அவர் உங்களைத் திருத்தினார் என்றால் அது அவமானம். உங்கள் வேலைக்கு வேறொருவரைப் பாராட்டினார் என்றால் மனத்தாங்கல். தப்பு உங்கள் மேல்தான், அது உங்களுக்கும் தெரியும் என்றால் உறுத்தல். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வாய் திறக்க முடியாமல் நின்றீர்கள் என்றால் ஆற்றாமை. இதைப் பிரித்துப் பார்ப்பதில் பயன் இருக்கிறது. மனத்தாங்கலை நேரில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். உறுத்தலுக்கு ஒரு மன்னிப்பு போதும். ஆற்றாமையை யாராவது காது கொடுத்துக் கேட்டாலே தணியும். எல்லாவற்றுக்கும் கடுப்பு என்றே பெயர் வைத்தால், கத்துவதைத் தவிர வேறெதுவும் தோன்றாது.

பயிற்சி இதுதான். இரண்டு வாரம், தினம் மூன்று நிமிடம், ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். நேரம் என்ன, என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது (தொண்டை அடைத்ததா, தாடை இறுகியதா, வயிற்றில் கல் விழுந்ததா), கடைசியில் அதற்கான சொல். வரிசையை மாற்றாதீர்கள். சொல்லில் தொடங்கினால் ‘நார்மல்’ என்று எழுதி நோட்டை மூடிவிடுவீர்கள். உடம்பு பொய் சொல்லாது, அங்கிருந்து வந்தால் சொல்லும் கிடைக்கும். கோபமான, பயந்த முகங்களின் படங்களைப் பார்ப்பவர் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னால், மூளையில் அபாய மணி அடிக்கிற அமிக்டலா பகுதியின் கிளர்ச்சி குறைவதை மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் பதிவு செய்தது.

பெரிய விஷயம் ஏதாவது உள்ளே கிடந்தால் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட முறையைப் பாருங்கள். தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், அதைப் பற்றியே நிறுத்தாமல் எழுத வேண்டும், பிழை திருத்தக் கூடாது. எழுதி முடித்ததும் மனம் முன்பைவிடக் கனக்கும். பயந்து விட்டுவிடாதீர்கள், படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் எழுத வேண்டாம். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: ஜிம்மில் பையை நாலு குத்து விட்டால் கோபம் போய்விடும் என்கிறான் நண்பன். உண்மையா?

பதில்: இல்லை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தேவலை. உடற்பயிற்சி செய்யுங்கள், ஆனால் அந்த ஆளை ஜிம்முக்குள் கூட்டிப் போகாதீர்கள்.

கேள்வி: காதலியோடு வாக்குவாதம் வந்தால் நான் அப்படியே ஊமையாகிவிடுவேன். எழுந்து போய்விடுவேன். “நீ கல்லு” என்கிறாள். (26 வயது)

பதில்: கல் இல்லை, உள்ளே வெள்ளம். தம்பதிகளின் சண்டைகளை நீண்ட காலம் ஆராய்ந்த ஜான் காட்மன் இந்த நிலைக்குப் பயன்படுத்தும் சொல்லே அதுதான். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது சரியாகக் காதில் ஏறாது. மணிக்கட்டில் 15 விநாடி எண்ணுங்கள், 25-க்கு மேல் போனால் அதற்குப் பிறகு பேசுவது வீண். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும்.

எழுந்து போவது தப்பில்லை. எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லாமல் போவதுதான் தப்பு. “எனக்கு இப்ப தலை சுத்துது, பேசினா ஏதாவது தப்பா சொல்லிடுவேன். அரை மணி நேரத்துல வரேன், இதையே பேசுவோம்.” பிறகு அந்த நேரத்துக்கு வந்துவிட வேண்டும், நீங்களேதான் பேச்சை எடுக்கவும் வேண்டும். ஒருமுறை வராமல் போனால் அடுத்த தடவை உங்களை எழுந்திருக்கவே விட மாட்டார், அதில் நியாயமும் உண்டு. அந்த அரை மணி நேரத்தில் “அவ இப்படிச் சொன்னா, நான் இப்படிக் கேட்டிருக்கணும்” என்று வாதத்தைத் தயார் செய்தால் துடிப்பு இறங்காது. நடங்கள், குளியுங்கள், பாத்திரம் தேயுங்கள்.

கேள்வி: தாத்தா இறந்தபோது அழுதேன். இன்றுவரை ‘அழுமூஞ்சி’ என்கிறார்கள். ஆண் அழுவது பலவீனமா?

பதில்: தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிய பகுதியான மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவாக நடத்துவது, இழப்பு, இருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. அந்தச் சூத்திரத்தில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. நீங்கள் அழுதது இழவுக்கு. கண்ணீரை ஆராய்கிறவர்கள் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது: குழந்தைப் பருவத்தில் பையனும் பெண்ணும் அழுவதில் பெரிய வித்தியாசமில்லை, பதின்வயதில்தான் இடைவெளி விரிகிறது. இதைப் படித்துவிட்டு அழுகையே வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். துக்கம் சிலருக்குக் கண்ணில் வரும், சிலருக்கு வராது.

கேள்வி: ஒரு நண்பன் தினமும் போன் செய்து முன்னாள் காதலி பற்றியே ஒரு மணி நேரம் பேசுகிறான். நான்கு மாதமாகிறது. போன் அடித்தாலே பயமாக இருக்கிறது. சொன்னால் துரோகம் போலிருக்கிறது. (21 வயது)

பதில்: துரோகமில்லை. ஒரே பிரச்சினையை இருவர் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருப்பதை உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-ல் தனியாகவே பெயரிட்டு ஆராய்ந்தார். நட்பு நெருக்கமாகிறது, ஆனால் மனச்சோர்வும் கூடவே வருகிறது என்பது அதில் தெரிந்தது. பேசுவது நல்லதுதான், ஆனால் ஒரே இடத்தில் செக்கு சுற்றுகிற பேச்சு அப்படியில்லை.

போனை எடுக்காமல் விடாதீர்கள், அது அவருக்கு இரண்டாவது கைவிடலாகத் தெரியும். எடுத்தவுடன் நேரத்தைச் சொல்லுங்கள்: “இருபது நிமிஷம் இருக்குடா.” பாதி நேரம் கேளுங்கள். அதற்குப் பிறகு ஒரே கேள்வி: “நாளைக்கு என்ன பண்ணப் போற?” இன்று சொன்னது நேற்று சொன்னதேதான் என்றால் அதையும் சொல்லிவிடலாம்: “இத நேத்தும் பேசினோம், இன்னைக்குப் புதுசா ஏதாவது நடந்துச்சா?” சோர்வோ எரிச்சலோ நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், குடி கூடியிருந்தால், அதற்கு நண்பன் போதாது. மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராமல் சிடுசிடுப்பாகத்தான் வரும்.

கேள்வி: அறை நண்பன் “நான் இல்லாட்டி யாருக்கென்ன” என்கிறான். ஒரு மாதமாக அமைதியாகிவிட்டான், ஹெட்போனைக்கூட வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ?

பதில்: விதைக்க மாட்டீர்கள். கேட்பதால் தற்கொலை எண்ணம் அதிகமாவதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. இன்றே கேளுங்கள், சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “நீ சாகணும்னு நினைக்கிறியா?” “அந்த மாதிரி தப்பா எதுவும் யோசிக்கலல்ல?” என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியிலேயே ‘இல்லை’ என்ற பதிலை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

‘ஆமாம்’ என்றால் அறிவுரை வேண்டாம், அம்மாவை நினைத்துப் பார் என்ற பேச்சும் வேண்டாம். ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவருக்கு அது இன்னொரு சுமை. “சொன்னதுக்கு நன்றிடா. இன்னைக்கு நான் உன்கூடவே இருக்கேன்” போதும். எப்படி, எப்போது என்று திட்டம் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். திட்டம் இருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், அதற்கான பொருளை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள், உடனே அவசர உதவியையோ மருத்துவமனையையோ நாடுங்கள். திட்டம் இல்லையென்றாலும் அவர் குடும்பத்தில் நம்பகமான ஒருவரையும் உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும் அன்றே அழையுங்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்று கேட்டால் பண்ணாதீர்கள். கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். உலகில் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்களின் விகிதம் பெண்களுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

இதைத் தனியாகச் சுமக்காதீர்கள். உங்களுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும்.

கேள்வி: வேலைக்காகப் புது இடம் வந்து ஒரு வருடம். உடன் வேலை செய்பவர்கள் நிறைய, நண்பன் ஒருவனும் இல்லை. (27 வயது)

பதில்: நட்பை ஆராயும் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட கணக்கு உங்களுக்கு உதவும். அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சேர்ந்து கழிக்கும் நேரம் சுமார் 50 மணி, நண்பன் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பனாக 200-க்கு மேல். ஒன்றாக வேலை பார்க்கும் மணிகள் இதில் அவ்வளவாகச் சேராது. அதனால்தான் தினம் எட்டு மணி நேரம் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் இன்னும் ‘ஆபீஸ் ஆள்’ ஆகவே இருக்கிறார். வாரத்துக்கு 2 மணி நேரம் என்றால் 50-ஐத் தொடவே ஆறு மாதம் ஆகும். ஒரு வருடத்தில் நண்பன் அமையவில்லையே என்று உங்களிடம் குறை தேட வேண்டாம், மணிகள் சேரவில்லை, அவ்வளவுதான்.

“ஒரு நாள் பாக்கலாம்” என்று சொல்லாதீர்கள், அந்த ஒரு நாள் வரவே வராது. கிழமையும் நேரமும் மாறாத ஒன்றைப் பிடியுங்கள்: பந்து விளையாட்டு, ஓட்டம், ஏதாவது வகுப்பு. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டிய சந்திப்பு இரண்டு முறை தள்ளிப்போனாலே செத்துவிடும். இரண்டு பேராக ஆரம்பிப்பதைவிட மூன்று பேராக ஆரம்பியுங்கள், ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த வாரம் ரத்தாகாது.