பழைய வேனை வீடாக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

தக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: நானும் மனைவியும் வருஷம் முழுக்க ஊர் சுற்றலாம் என்று இருக்கிறோம். கையில் மொத்தம் 9 லட்சம். பழைய டீசல் வேன், ஃபோர்ஸ் டிராவலர் அல்லது டாடா விங்கர், வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு வைக்க எண்ணம். ஸ்கூல் வேன், டூரிஸ்ட் வேன், ஆம்புலன்ஸ் மூன்றும் விலைக்கு வருகின்றன. எதை எடுக்கலாம்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள். வண்டி விலை, பெயர் மாற்றம், வரி எல்லாம் சேர்த்து 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. டயர், பிரேக், கிளட்ச், பெல்ட் என்று வாங்கிய மாதமே வரும் வேலைக்கு 1 லட்சம். உள் வேலைக்கு 2 லட்சம். மீதி 1 லட்சத்தைத் தொடவே கூடாது. நாக்பூர் பக்கம் கியர்பாக்ஸ் போனால் அதுதான் உங்களை ஊர் கொண்டுவந்து சேர்க்கும். 8 லட்சத்துக்கு வண்டியை வாங்கிவிட்டு ஒரு லட்சத்தில் உள்வேலை முடிப்பேன் என்பவர்களின் வண்டிதான் ஆறு மாதத்தில் மறுபடி விற்பனைக்கு வருகிறது.

மூன்றில் எங்கள் தேர்வு டூரிஸ்ட் வேன். கிலோமீட்டர் அதிகம் ஓடியிருக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் சீராக ஓடியது. ஸ்கூல் வேன் குறைவாக ஓடியிருந்தாலும் நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்று முதல் இரண்டு கியரிலேயே உழைத்திருக்கும். கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், கதவுக் கீல் தளர்ந்திருக்கும். ஆம்புலன்ஸில் எஞ்சின் சூடாகும் முன்பே விரட்டியிருப்பார்கள். கழுவிக் கழுவித் தரைத் தகட்டுக்கு அடியில் தண்ணீரும் தங்கியிருக்கும்.

2017 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் பதிவான பி.எஸ். 4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி கிடைத்தால் நல்லது. அதற்கு அடுத்த பி.எஸ். 6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. குறைந்த வேகத்தில் சிறு சிறு தூரம் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும், செலவும் அதிகம். விங்கருக்கு முன்சக்கர இழுவை. உள்ளே கனமான சாமானையெல்லாம் பின்னால் ஏற்றினால் மழையில் ஏற்றம் ஏறும்போது முன்சக்கரம் வழுக்கும். அதன் உடல் மோனோகாக், அதாவது தனி அடிச்சட்டம் (சேசிஸ்) இல்லை, உடலே சேசிஸ். அதனால் தரையில் துரு என்றால் வண்டியின் எலும்பிலேயே துரு என்று அர்த்தம்.

நம் குமரி மாவட்டத்து வண்டிக்கு எஞ்சினைவிட முதல் சோதனை துருதான். கடியப்பட்டணத்திலும் மணக்குடியிலும் வாசலில் நின்ற வண்டியில் உப்புக்காற்று ஏறியிருக்கும். போதாததற்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. பகல் வெளிச்சத்தில், பள்ளம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய், டார்ச்சோடு நீங்களே அடியில் இறங்குங்கள். பக்கக் கதவின் ஃபுட்போர்டுக்கு அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு ணங்கென்று கேட்கும். உள்ளே அரித்தது பொத்தென்று கேட்கும், சில இடத்தில் பழுப்புத் தூள் உதிரும். ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் கொக்கி, சக்கர வளைவின் உட்புறம், பிரேக் ஆயில் போகும் மெல்லிய குழாய், பின் குறுக்குச் சட்டம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பாருங்கள். பத்து வருஷ வண்டியின் அடியில் புத்தம்புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். விற்பவர் அனுமதியோடு பெருவிரல் அகலம் சுரண்டிப் பாருங்கள். துருவின் மேல் பூசிய பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்து இன்னும் வேகமாக அரிக்கும்.

பிறகு தரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் உள்ள பிளைவுட் கறுத்து நாற்றமடித்தால் கூரை ஒழுகுகிறது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுகளின் கீழ் ஓரம் நெடுக நகர்த்துங்கள். பிடி விடும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. கடைசியாக ஓஸ் பிடித்து 20 நிமிடம் கூரைமேல் தண்ணீர் விட்டு, உள்ளே ஏ.சி. பொருத்திய ஓட்டைகளையும் கண்ணாடி ரப்பரையும் கையால் தடவுங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும் முன்பே பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் போங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை புசுபுசுவென்று தள்ளக் கூடாது. பேச்சிப்பாறை பக்கம் ஏற்றமான சாலையில் மூன்றாம் கியரில் அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை மாற்றிவிடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரத்தில் கட்டில், சமையல் மேடை எல்லாம் போட்டு ரெடியான வேன் ஒன்று மலிவாக வருகிறது. ஆர்.சி.யில் 12 இருக்கை, மஞ்சள் போர்டு. வாங்கலாமா?

உள்ளே 12 இருக்கை இல்லையே! ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. "எல்லாமே கழற்றி மாட்டுகிற சாமான்தான், ஒன்றும் ஆகாது" என்று புரோக்கர் சொல்வார். சோதனைச் சாவடியில் அபராதத்தோடு போகலாம்; ஆனால் விபத்து நடந்தால் அந்த மாற்றத்தையே காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தை மறுக்க வழி உண்டு. அதுதான் பெரிய ஆபத்து.

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று தனி வகையே இருக்கிறது. அது வெள்ளை போர்டு வகை. மோட்டார் காரவனுக்கான, அதாவது தங்கும் வசதி உள்ள வண்டிக்கான, பாதுகாப்புத் தரம் ஏ.ஐ.எஸ். 124. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, உங்கள் ஊர் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், அதாவது டி.என். 75-ல், இந்த மாடலைக் கேம்பர் வேனாக மாற்றிப் பதிய என்னென்ன தாள் வேண்டும், யாருடைய சோதனைச் சான்று வேண்டும் என்று எழுத்தில் மனு கொடுத்துப் பதில் வாங்குங்கள். விற்பவர் பர்மிட்டை ஒப்படைத்து, வரி பாக்கி தீர்த்து, கடன் இருந்தால் படிவம் 35 கொடுத்து அடமானப் பதிவை நீக்கி, படிவம் 28-ல் கேரளத் தடையில்லாச் சான்று எடுத்துத் தர வேண்டும். பிறகு 29, 30 படிவங்களில் பெயர் மாற்றம். இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுள் வரி தனியாக உண்டு. மலிவு என்று நினைத்த தொகையில் பாதி இதிலேயே போகலாம். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவைச் சலானையும் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றி, உள்ளே செய்த மாற்றத்தையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

டில்லி வழியாகப் போகும் திட்டம் இருந்தால் இன்னொன்று. 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கு அந்தப் பகுதியில் 2015 முதல் தடை உத்தரவுகள் வந்திருக்கின்றன, நடைமுறையும் அவ்வப்போது மாறுகிறது. பழைய வண்டி என்றால் புறப்படும் வாரம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

குலசேகரத்திலிருந்து: ஊரில் நல்ல ஆசாரி இருக்கிறார். 18 மில்லி பிளைவுட்டிலும் ரப்பர் மரத்திலும் வீட்டு அலமாரி போலவே உறுதியாகச் செய்து தருகிறேன் என்கிறார்.

உறுதி வேண்டும், எடை வேண்டாம். எட்டடிக்கு நாலடி 18 மில்லி பிளைவுட் ஒன்றே ஏறக்குறைய 32 கிலோ. பத்துப் பலகை போட்டால் 320 கிலோ. ஐந்து பேர் எப்போதும் ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி. அதே அளவு 9 மில்லி பலகை 16 கிலோதான். அலுமினியச் சதுரக் குழாயில் சட்டம் அடித்து, மேலே 9 மில்லியும் கதவுக்கு 6 மில்லியும் போடச் சொல்லுங்கள். ஆணி வேண்டாம், குலுக்கலில் கழன்றுவரும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் பசையும் போடட்டும். வேலை தொடங்கும் முன் காலி வண்டியை எடைமேடையில் நிறுத்துங்கள். முடிந்ததும் தண்ணீர், டீசல், துணிமணி, நீங்கள் இருவர் எல்லாம் ஏறி இன்னொரு தடவை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்கு 150 கிலோவாவது குறைவாக இருக்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து: எவ்வளவு பேட்டரி, எத்தனை சோலார்? ஏ.சி. ஓடுமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 50 லிட்டர் டி.சி. ஃப்ரிட்ஜ் நாளுக்குச் சுமார் 450 வாட்-மணி. மின்சாரம் குறைவாக இழுக்கும் 25 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு பத்து மணி நேரம் ஓடினால் 500. விளக்கு, போன், தண்ணீர் பம்ப் சேர்த்து 150. ஆக 1,100. 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 2,560 இருக்கும். எண்பது சதவீதம் எடுக்கலாம் என்றால் வெயிலே இல்லாமல் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். கூரையில் 400 வாட் பேனல், நல்ல வெயில் நான்கு மணி நேரம், இழப்பு போக 1,200 தரும். மழைக்காலத்தில் இதில் பாதிகூட வராது. அதனால் ஓடும்போது எஞ்சினிலிருந்தே ஏற்ற 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் அவசியம்.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி மலிவுதான். ஆனால் பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் குறையும், கனமும் அதிகம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். படுக்கைக்கு அடியில் வைக்கவே கூடாது. லித்தியத்துக்கும் ஒரு குறை உண்டு: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஜனவரியில் ஸ்ரீநகர் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஒரு டன் ஏ.சி. இரவு முழுக்க ஓடினால் ஏறக்குறைய ஐந்து யூனிட், அதாவது 5,000 வாட்-மணி. மேலே சொன்ன பேட்டரி இரண்டு போட்டாலும் போதாது. இந்தப் பட்ஜெட்டில் அதை விட்டுவிடுங்கள். ஏப்ரல், மே மாதம் மலைப்பக்கம் போய்விடலாம்.

இண்டக்‌ஷன் அடுப்பு 1,500 வாட் என்றால் 12 வோல்ட் பக்கம் 140 ஆம்பியர் ஓடும். வீட்டு ஒயரில் அதை இழுத்தால் ஒயர் உருகும்; வேனில் தீப்பிடிக்க முக்கியமான காரணமே மெல்லிய ஒயரும், பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் இல்லாததும்தான். 50 சதுர மில்லி கேபிள், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 200 ஆம்பியர் ஃபியூஸ். கடற்கரை ஊர் என்பதால் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கேளுங்கள். சாதாரண லக் (ஒயர் முனையில் மாட்டும் இணைப்பு) பச்சை பிடித்துச் சூடாகும்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும், அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்க வேண்டும், பெட்டி படுக்கை அறைப் பக்கம் மூடியிருக்க வேண்டும். வண்டி ஓடும்போது வால்வை மூடுங்கள். மோசமான சாலைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு அம்மா: எனக்கு மூட்டுவலி. கழிப்பறை, குளியல் எப்படி?

அம்மா, ஏறும் படியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு படியும் 20 செ.மீ.க்குள் இருக்கும்படி மடக்குப் படி ஒன்றும், கதவோரம் கைப்பிடிக் குழாயும் வையுங்கள். கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுக்கும் 20 லிட்டர் கேசட் டாய்லெட் இருவருக்கு மூன்று நாள் வரும். அதன் உயரம் பெரும்பாலும் குறைவு. கீழே மரப்பெட்டி வைத்து 45 செ.மீ.க்கு உயர்த்தினால் எழுந்திருக்க எளிது. தொட்டியில் சேர்ந்த கழிவைக் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும்; ஓடையிலோ குளத்திலோ கூடவே கூடாது. தண்ணீர் இருவருக்கு நாளுக்கு 45 லிட்டர் என்று வைத்து 100 லிட்டர் தொட்டி போடுங்கள். நிறைந்தால் 100 கிலோ என்பதால் இரண்டு அச்சுக்கும் நடுவில், தரையோடு தரையாக இருக்கட்டும். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே வடிகட்டி இல்லாவிட்டால் பம்ப் சீக்கிரம் அடைத்துவிடும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: எங்கே நிறுத்தித் தூங்குவது?

லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் பங்க், அனுமதி கேட்டுக் கோயில், சர்ச் மைதானம், தங்கும் விடுதியின் வாகன நிறுத்தம். தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம். ஒரு தேங்காய் போதும், பேனல் போய்விடும். சொத்தவிளை, முட்டம் கடற்கரையில் ஆசைக்கு ஒரு மாலை நிற்கலாம்; அடுத்த நாளே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவி, கதவடி வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் கணவாயில் உயரக்கூரை வேனைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்; லாரியைத் தாண்டி வெளிவரும் அந்த நொடிதான் மோசம். 50 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

கருங்கலிலிருந்து: வீட்டை விற்றுவிட்டு முழுநேரமாகக் கிளம்பலாமா?

விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வேனில் கழித்த பிறகு யோசிக்கலாம். மாதம் 1,500 கி.மீ. ஓட்டி, லிட்டருக்கு 10 கி.மீ. கிடைத்து, டீசல் 95 ரூபாய் என்று வைத்தால் எரிபொருளே 14,250 ரூபாய். ஊருக்குப் பத்து நாள் என்று தங்கினால் அது நன்றாகக் குறையும். ஆர்.சி.க்கும் வங்கிக்கும் ஒரு நிலையான முகவரியும் தேவை. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமாண் மூலம் போனில் முகம் காட்டியே கொடுக்கலாம். 55 வயதுக்கு மேல் உரிமம் ஐந்து ஐந்து ஆண்டாகத்தான் புதுப்பிக்கப்படும், படிவம் 1ஏ மருத்துவச் சான்று வேண்டும். காலாவதித் தேதியைப் பார்த்து, நெருங்கியிருந்தால் அந்த வேலையை முடித்துவிட்டே கிளம்புங்கள்.