வலி வயிற்றில், பேட்ச் கையில்: எப்படி வேலை செய்யும்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. நான்கு நாட்களுக்கு முன் லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளைகள் வழியே, பித்தப்பையை எடுத்தார்கள். வலி மாத்திரை அவருக்கு வயிற்றெரிச்சல் தரும் என்பதால், 24 மணி நேர டைக்ளோஃபினாக் பேட்ச் எழுதி, மேல்கையில் ஒட்டச் சொன்னார்கள். முதல் பேட்ச் ஒட்டி மூன்று மணி நேரமாகியும் வலி குறையவில்லை. தையல் அருகிலேயே ஒட்டலாமா? வீட்டில் இருக்கும் வலி மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாமா? அவர் பிபி மாத்திரையும் சாப்பிடுகிறார்.

பதில்: வீட்டில் இருக்கும் அந்த வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

பேட்ச் என்றதும் சுளுக்குக்கு ஒட்டும் பிளாஸ்டர்தான் பலருக்கு நினைவு வரும். அதில் மருந்து பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே தங்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் தரும் 24 மணி நேர பேட்ச் அப்படியல்ல. அதிலிருக்கும் டைக்ளோஃபினாக் தோலைக் கடந்து ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகிறது. அதனால்தான் கையில் ஒட்டினாலும் வயிற்று வலிக்குக் கேட்கும். தையல் மீதோ, புண் மீதோ ஒட்டவே கூடாது. உடைந்த தோல் மருந்தை அளவுக்கு மீறி உள்ளே விடும், காயமும் எரியும். காயமோ தடிப்போ இல்லாத, முடி குறைந்த, நன்றாகத் துடைத்து உலர்ந்த தோல்தான் சரியான இடம்.

மூன்று மணி நேரம் இதற்குப் போதாது. தோலின் மேலடுக்கு, தாளைவிட மெல்லியதாக இருந்தாலும், உடலுக்கு மதில் போன்றது. மருந்து அதில் ஊறி, நிறைந்து, பிறகுதான் ரத்தத்துக்குக் கசியும். உச்ச அளவை எட்டப் பல மணி நேரம் ஆகும். ஆகவே அடுத்த பேட்ச்சை வலி திரும்பும்வரை காத்திருந்து ஒட்டாமல், தினமும் ஒரே நேரத்தில் பழையதை எடுத்துவிட்டு வேறு இடத்தில் ஒட்டுங்கள். அவசரப்பட்டு இரண்டு பேட்ச் ஒட்டுவதும், மேலே வெந்நீர்ப் பை வைப்பதும் ஆபத்து. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும்.

இடைப்பட்ட வலிக்குப் பாராசிட்டமால் உதவும். கல்லீரல் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ஆனால் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். பாராசிட்டமாலோடு டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் கலந்த மாத்திரைகள் நிறைய உண்டு. நீங்கள் சொல்லும் வீட்டு மாத்திரை அப்படிப்பட்டதாக இருந்தால், பேட்ச்சுடன் சேர்ந்து ஒரே வகை மருந்து இரட்டிப்பாகிவிடும்.

வயிற்றெரிச்சல் பற்றி ஒரு விளக்கம். டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள், வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடலின் வேதிப்பொருளைத் தடுக்கின்றன. இதைப் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971-ல் கண்டறிந்தார், 1982-ல் நோபல் பரிசு பெற்றார். அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தையும் தாங்கிப் பிடிக்கிறது. பேட்ச்சில் ரத்தத்தில் சேரும் மருந்து குறைவு, வயிற்றை நேரடியாகத் தொடுவதுமில்லை. அதனால் தொல்லை குறையும். அறவே இல்லாமல் போகாது. மலம் கறுப்பாகப் போனால் பேட்ச்சை எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது பிபி மாத்திரைதான். சில வகை பிபி மாத்திரைகளோடும், முக்கியமாகச் சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரைகளோடும் டைக்ளோஃபினாக் சேரும்போது சிறுநீரகம் திணறலாம். அறுவைக்குப் பின் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருப்பவருக்கு இது இன்னும் எளிதில் நடக்கும். எந்த பிபி மாத்திரை என்று இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிரைப்பு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து, இவற்றில் எது இருந்தாலும் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஃபென்டனில் பேட்ச்சும் பார்க்க இப்படித்தான் இருக்கும். அது வலுவான ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்து. பழக்கமில்லாதவரின் மூச்சையே நிறுத்திவிடக் கூடியது, அறுவை சிகிச்சை வலிக்கு அதை ஒட்டுவதில்லை. யாரோ மிச்சம் வைத்த பேட்ச்சை வாங்கி ஒட்டாதீர்கள். எடுத்த பேட்ச்சிலும் மருந்து மிச்சமிருக்கும், பசைப் பக்கம் உள்ளே இருக்க மடித்து, குழந்தைகளுக்கு எட்டாமல் எறியுங்கள்.

லேப்ராஸ்கோப்பிக்குப் பின் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். உள்ளே செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, சில நாட்களில் போய்விடும். ஆனால் வயிற்று வலி நாளுக்கு நாள் ஏறினால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், தையலில் சீழ் தெரிந்தால், பேட்ச் வேலை செய்யவில்லை என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அறுவை செய்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.