வாசகர் கேள்வி-பதில்: திறக்காமலே கணக்கு

கேள்வி: மறையாக்கிய (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றிய) எண்களைத் திறக்காமலே கூட்டலாம் என்கிறார்களே, ஒரு சிறு கணக்கில் காட்டுங்களேன்.

பதில்: பாஸ்கல் பாயே 1999இல் வெளியிட்ட முறையை எடுத்துக்கொள்வோம். பகா எண்கள் 3, 5. பெருக்கினால் 15, அதன் வர்க்கம் 225. செய்தி 2 என்றால், 16இன் (15+1) 2ஆம் அடுக்கை ஒரு சமவாய்ப்பு எண்ணின் (குருட்டாம்போக்கில் எடுத்த எண்) 15ஆம் அடுக்கோடு பெருக்கி, 225ஆல் வகுத்து மீதியை எடுங்கள். சமவாய்ப்பு எண் 2 என்றால் மறையுரை (மறையாக்கிய வடிவம்) 158. செய்தி 3, சமவாய்ப்பு எண் 7 என்றால் 28. இரண்டையும் பெருக்கினால் மீதி 149. சாவி உள்ளவர் இதன் 4ஆம் அடுக்கைக் காண்பார் (இந்த 4, 3-1, 5-1 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு): 225ஆல் வகுத்த மீதி 76. அதில் 1 கழித்து 15ஆல் வகுத்தால் 5. அதை 4ஆல் பெருக்கி (4×4ஐ 15ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், முதல் 4ஐ இது நீக்கிவிடும்), 15ஆல் வகுத்தால் மீதி 5. இதுதான் 2+3.

சமவாய்ப்பு எண்ணை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுங்கள். ஒன்றையே திரும்பப் பயன்படுத்தினால் ஒரே செய்திக்கு ஒரே மறையுரை வரும். ‘ஆம், இல்லை’ வாக்குகள் அப்படியே அம்பலமாகிவிடும்.

கேள்வி: கூட்டல் மட்டும் போதாதே. எல்லாக் கணக்கையும் குலங்களைக் (உறுப்புகளைத் தம்முள் பெருக்கவும் நேர்மாறு எடுக்கவும் இடமுள்ள தொகுதிகள்) கொண்டே செய்ய வழி உண்டா?

பதில்: கருத்தளவில் உண்டு, அழகான வழி. வரிசை மாறினால் விடை மாறும் குலம் வேண்டும். 5 பொருள்களின் 120 வரிசைமாற்றங்கள் அப்படிப்பட்ட குலம். பிட் 0 என்றால் சமனி உறுப்பு, அதாவது எதையும் இடம் மாற்றாதது. பிட் 1 என்றால் ஐந்தையும் சுற்றும் ஒரு சுழல். அ, ஆ என இரு பிட்டுகள். ‘அ, ஆ, அ-வின் நேர்மாறு, ஆ-வின் நேர்மாறு’ என்று இதே வரிசையில் பெருக்குங்கள். ஒன்று சமனியானாலும் மற்றவை தம்முள் அடிபட்டு விடை சமனி. அ (1 2 3 4 5), அதாவது 1ஐ 2க்கும் 2ஐ 3க்கும் என நகர்த்தி 5ஐ 1க்குக் கொண்டுவரும் சுழல், ஆ (1 3 5 4 2) என்றால், இடமிருந்து வலமாகப் பெருக்க (1 3 2 5 4) என்ற புதுச் சுழல் கிடைக்கும். இரண்டும் 1 ஆனால்தான் 1: ‘அண்ட்’ கதவு கிடைத்துவிட்டது! டேவிட் பாரிங்டன் 1986இல் காட்டிய உத்தி இது. வரிசை மாறினாலும் விடை மாறாத பரிமாற்றுக் குலத்தில் இந்தப் பெருக்கம் எப்போதும் சமனியே. அதனால் பாயே முறை இதற்கு உதவாது.

நேர்மாறு எடுக்கச் சாவி தேவையில்லை. சுழலை ஐந்து முறை பெருக்கினால் சமனி. ஆகவே 4ஆம் அடுக்கே நேர்மாறு. நேர்மாற்றை, 1ஐக் குறிக்கும் மூலச் சுழலால் பெருக்கினால் 0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் மாற்றும் ‘நாட்’ கதவு.

சிக்கல் மறையாக்கத்தில்தான். மறையுரையைச் சுருக்காமல் எழுத்துக் கோவையாகவே வைத்தால், நேர்மாறு அதே நீளம் என்று கொண்டாலும் ஒவ்வொரு ‘அண்ட்’டுக்கும் நீளம் 4 மடங்காகும், 10 அடுக்கில் 10,48,576 மடங்கு. சுருக்கமாக இருக்கட்டும் என்று அணிகளாக (எண்களை வரிசை, நிரலாக அடுக்கிய கட்டங்கள்) எழுதினால், நேரியல் சமன்பாடுகளே பல சமயம் இரகசியத்தை உடைத்துவிடும். இன்று நடைமுறையில் உள்ளவை கிரெய்க் ஜென்ட்ரி 2009இல் திறந்த பின்னல்கூட்டு (சீரான இடைவெளியில் அடுக்கிய புள்ளிகளின் கணிதம்) வழியில் வந்தவை. அவற்றில் ஒவ்வொரு பெருக்கலிலும் இரைச்சல் (மறைக்கக் கலந்த சிறு பிழை) ஏறும்; எல்லை தாண்டுமுன் மறையுரையைப் புதுப்பிக்காவிட்டால் விடை குப்பையாகிவிடும்.